பக்கத்துல உட்காருறவங்களுக்காக ஒரு சக்கரம்: சைடுகார் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய சைடுகார்களைப் பத்தி, அதாவது மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்துல மாட்டுற ஒத்தைச் சக்கர சீட்டு வண்டியைப் பத்தி, ரெண்டு பக்கம் எழுதினதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நெனைக்கவே இல்ல. எல்லாத்துக்கும் இங்க பதில் சொல்ல இடமில்ல, அதனால பலபேர் கேட்ட விஷயமா பாத்து எடுத்திருக்கேன்.

கேள்வி: சைடுகாரைக் கண்டுபிடிச்சது ராணுவம்தானேங்க? உலகப் போர் படம் எதுல பாத்தாலும் அதுதான வருது.

இல்லீங்க, போருக்கு ரொம்ப முன்னாடியே வந்துருச்சு. 1893-லயே பிரான்ஸ்ல ஒரு பத்திரிகை, சைக்கிள்ல இன்னொரு ஆளையும் ஏத்திட்டுப் போறதுக்கு நல்ல வழி சொல்றவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சுது, அதுல ஜெயிச்ச யோசனை சைக்கிளுக்குப் பக்கத்துல ஒரு சக்கரம், ஒரு சீட்டு வச்சுக் குழாயால இணைக்கிறது. மோட்டார் சைக்கிளுக்குன்னு வந்தது 1903-ல, இங்கிலாந்துல என்ஃபீல்டுங்கிற ஊர்ல இருந்த கிரஹாம் பிரதர்ஸ் அதுக்குப் பேட்டன்ட் எடுத்தாங்க.

ஆனா அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு தெரிஞ்சாதான் சைடுகாரோட அருமை புரியும். பின்னாடி ஒரு டிரெய்லரைக் கட்டி அதுல வீட்டுக்காரம்மாவை உட்கார வச்சு இழுத்துட்டுப் போவாங்க, புகையும் புழுதியும் மொத்தமா அந்தம்மா மூஞ்சிலதான், கத்திக் கூப்பிட்டாலும் முன்னாடி ஓட்டுறவருக்குக் கேக்காது, கொக்கி கழண்டு டிரெய்லர் தனியா நின்னுட்டாக்கூட அவருக்கு உடனே தெரியாது. இன்னொரு வகை ஃபோர்கார், சீட்டை முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல வைக்கிறது. அதுல எது மேல மோதினாலும் முதல் அடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு. சைடுகார் வந்தப்புறம்தான் கூட வர்றவங்க பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டு வர முடிஞ்சுது. ஆரம்பத்துல சைடுகாரோட பாடி வெறும் பிரம்புக் கூடை, ஏன்னா அப்போ இருந்த குட்டி எஞ்சினுக்கு அதுக்கு மேல வெயிட் தாங்காது.

போர் வந்தப்போ இதை ராணுவம் எடுத்துக்கிச்சு. முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க கிளைனோங்கிற மோட்டார் சைக்கிளோட சைடுகார்ல விக்கர்ஸ் மெஷின்கன் பூட்டி ஓட்டினாங்க, ஸ்ட்ரெச்சர் வச்சு ஆம்புலன்ஸாவும் மாத்தினாங்க. பிறந்தது குடும்பத்துக்காகத்தான்.

கேள்வி: ஜாகுவார் கார் கம்பெனி சைடுகார் செஞ்சுதான் ஆரம்பிச்சுதுன்னு நண்பர் சொல்றார். நெசமாவா?

நெசம்தான். 1922-ல இங்கிலாந்துல பிளாக்பூல்ல வில்லியம் வாம்ஸ்லி, வில்லியம் லயன்ஸ்னு ரெண்டு பேர் சேந்து ஸ்வாலோ சைடுகார் கம்பெனி ஆரம்பிச்சாங்க. சைடுகார் செஞ்சவர் வாம்ஸ்லி, இதை ஒரு தொழிலா நடத்தலாம்னு பாத்தவர் லயன்ஸ், அப்போ அவருக்கு வயசு 21. ஆஷ் மரத்துல சட்டம் கட்டி மேல அலுமினியத் தகடு போத்தி, எட்டுப் பட்டையா, முனை கூரா, அந்தக்கால ஆகாயக் கப்பல் மாதிரி இருக்கும். மத்தவங்க பெட்டி மாதிரி செஞ்சிட்டிருந்த காலத்துல இது சாலையில போனா திரும்பிப் பாக்காம யாரும் இருந்திருக்க மாட்டாங்க. அப்புறம் ஆஸ்டின் செவன் காருக்கு பாடி கட்டினாங்க, 1928-ல கோவென்ட்ரிக்கு மாறினாங்க, பேரு எஸ்எஸ் கார்ஸ்னு ஆச்சு, 1945-ல ஜாகுவார்னு ஆச்சு. மரச்சட்டத்து மேல தகட்டை வளைக்கிற கைவேலை, அதே கைவேலைதான் பின்னாடி அவங்க காருக்கும் போச்சு.

இதே மாதிரி அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்துல ஃபிளக்சிபிள்னு ஒரு கம்பெனி, 1913-ல சைடுகார்ல ஆரம்பிச்சு பின்னாடி பஸ் கம்பெனியா வளந்தது. அவங்க இணைப்புதான் விசேஷம், வளைவுல வண்டி சாயும்போது சைடுகார் சக்கரமும் கூடவே சாயும், மூணு சக்கரமும் தரையை விடாது.

எனக்குப் பிடிச்ச கதை வாட்சோனியன் கதை. பர்மிங்ஹாம்ல வாட்சன்னு ஒருத்தர், வீட்டுக்குப் போற சந்து ரொம்ப ஒடுக்கம், சைடுகாரோட வண்டி உள்ள போகல, அதனால மடக்கி ஒதுக்குற மாதிரி ஒரு சட்டம் செஞ்சார். அதைப் பாத்துட்டு மத்தவங்களும் கேக்க, 1912-ல கம்பெனியே ஆரம்பிச்சுட்டார்.

கேள்வி: ஒருத்தர் "இது ஜெர்மன் ராணுவ சைடுகார், 1942 மாடல்"னு ஒரு வண்டி காட்டுறார். எப்படி நம்புறது?

உடனே நம்பாதீங்க. இந்த வகையிலதான் ஏமாத்து ஜாஸ்தி. சோவியத் நாட்டுல எம் 72-ன்னு ஒரு வண்டி 1941-லேர்ந்து செஞ்சாங்க, அது ஜெர்மன் பிஎம்டபிள்யூ ஆர் 71-ஐ அப்படியே பாத்துச் செஞ்சது. அந்த எம் 72-லேர்ந்து 1950கள்ல சீனாவுல சாங் ஜியாங் 750 வந்துச்சு, சோவியத் நாட்டு யூரல், நீப்பர் வண்டிங்க எல்லாமும் அதே வம்சம். சாம்பல் பெயிண்ட் அடிச்சு, டேங்க்ல பேட்ஜ் மாத்தி ஒட்டினா தூரத்துலேர்ந்து பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

போர்ல பேர் வாங்கின ஜெர்மன் வண்டிங்க ரெண்டு, பிஎம்டபிள்யூ ஆர் 75, ஜூண்டாப் கேஎஸ் 750. ரெண்டுலயும் சைடுகார் சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும். பின் சக்கரத்துக்குப் பக்கத்துல, ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்துற மாதிரி சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரென்ஷியல் இருக்கும், அங்கேர்ந்து சைடுகார் பக்கம் ஒரு ஷாஃப்ட் போகும், சேத்துல மாட்டினா டிஃபரென்ஷியலை லாக் பண்ணலாம், ரிவர்ஸ் கியர் உண்டு, பின் சக்கரத்துக்கும் சைடுகார் சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. எஞ்சின்ல வால்வு சிலிண்டருக்குத் தலைமேல இருக்கும், இதைத்தான் ஓவர்ஹெட் வால்வும்பாங்க. எம் 72, ஆர் 71 ரெண்டும் சைடு வால்வு, அதாவது வால்வு சிலிண்டருக்குப் பக்கத்துல இருக்கும், சைடுகார் சக்கரம் சும்மா உருளுறதுதான். ஆனா பிந்தின யூரல் சிலதுல ஷாஃப்டும் உண்டு, ஓவர்ஹெட் வால்வும் உண்டு, அதனால ஒரு அடையாளத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாம எல்லாத்தையும் சேத்துப் பாருங்க, கூடவே சட்டத்துல குத்தியிருக்கிற நம்பர் எழுத்தோட வடிவம், நம்பரைச் சுத்தி உரசின தடம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

பிரிட்டிஷ்காரங்க நார்டன் பிக் ஃபோர்லயும் சைடுகார் சக்கரத்துக்கு டிரைவ் கொடுத்தாங்க, ஆனா டிஃபரென்ஷியலே கிடையாது, பல்லோட பல்லு கோத்துக்கிற டாக் கிளட்ச் ஒண்ணை மாட்டினா ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தும். சேத்துல சரி, நல்ல ரோட்டுல அதை மாட்டிக்கிட்டுத் திருப்பினா வண்டி நேராதான் போவேன்னு அடம்பிடிக்கும்.

எம் 72-ஆ இருந்தா அதுவும் நல்ல வண்டிதாங்க. அதை எம் 72-ன்னே சொல்லி வாங்குங்க, எம் 72-ஆவே சரிபண்ணுங்க.

கேள்வி: பெரியப்பா கொட்டகையில ஒரு பழைய சைடுகார் கெடந்துச்சு. மேல அலுமினியத் தகடு, உள்ள மரம், மரம் பாதி உளுத்துப் போச்சு, சீட்டு கிழிஞ்சு ஸ்பிரிங் வெளிய வந்துருச்சு. சேஸிஸ்ல துரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. தகடு எல்லாம் உரிச்சுப் பெயிண்டைச் சுரண்டலாம்னு இருக்கேன்.

தம்பி, உப்புத்தாளைக் கீழ வைங்க. மொத வேலை அது இல்ல.

மொதல்ல இருக்கிறபடியே போட்டோ எடுங்க, நூறு போட்டோ எடுத்தாலும் தப்பில்ல, ஒவ்வொரு மூலை, ஒவ்வொரு ஆணி, ஒவ்வொரு தையல், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. அப்புறம் அட்டையில அளவு வெட்டுங்க, அதாவது பாடியோட வளைவை அட்டையில பதிச்சு டெம்ப்ளேட் மாதிரி வச்சுக்கோங்க. ஏன் இவ்வளவு சொல்றேன்னா, உளுத்த மரமா இருந்தாலும் அது தகட்டோட சேந்து இருக்கிறவரைக்கும் ஒரு வடிவத்துல நிக்குது, தகட்டை உரிச்ச அடுத்த நிமிஷம் மரம் கைக்குள்ள பொடியாயிடும், தகடு துள்ளி வளைஞ்சிடும், அப்புறம் அந்த வடிவம் என்னன்னு சொல்ல ஆளே கிடையாது. நான் மொதமொதல்ல பிரிச்சதுல இந்தத் தப்பைப் பண்ணேன், மூக்குப் பக்கத்து வளைவு எப்படி இருந்துச்சுன்னு தெரியாம ஏழெட்டு மாசம் அதே மாடல் இன்னொண்ணு எங்க இருக்குன்னு தேடினேன்.

சீட்டை எடுக்கும்போது மெதுவா எடுங்க. ரெண்டாவது சைடுகார்ல சீட்டுப் பலகையைத் திருப்பிப் பாத்தப்போ பென்சில்ல ஒரு கோடு, பக்கத்துல ரெண்டு அம்புக்குறி, ஒரு எண்ணு. மரவேலை செஞ்சவர் எந்தத் துண்டு எங்க போகணும்னு குறிச்சு வச்சது, எண்பது வருஷமா வெளிச்சமே படாம இருட்டுல இருந்ததால நேத்து போட்டது மாதிரி இருந்துச்சு. குதிரைமுடித் திணிப்புக்குள்ள ஒரு கோலிக்குண்டு, ஏதோ ஒரு குழந்தையோட சின்ன ஷூ பட்டன் ரெண்டு. அதையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு அதே சீட்டுக்கு அடியிலயே திரும்ப வச்சேன். சுரண்டிக் குப்பையில போட்டிருந்தா அந்த வண்டியில யார் போனாங்கங்கிறதே போயிருக்கும்.

இப்போ வேலை. பாடியை அப்படியே ஓரமா வச்சிட்டு, அதைத் தாங்குற அடிச்சட்டமான சேஸிஸுக்கு வாங்க, ஏன்னா உள்ள உட்காருறவங்க உயிரு அதுலதான் இருக்கு. அந்தக்காலக் குழாய்ங்க லக்குங்கிற இரும்பு மூட்டுக்குள்ள சொருகிப் பித்தளை ஊத்திப் பத்தவச்சது. சின்னச் சுத்தியலால குழாய் நீளத்துக்கும் தட்டிட்டே போங்க, நல்ல இடம் கணீர்னு கேக்கும், உள்ள துரு தின்ன இடம் சத்தம் செத்துக் கேக்கும். ரொம்பத் தாழ்வான இடத்துலதான் தண்ணி தேங்கி உள்ளேர்ந்து அரிச்சிருக்கும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருந்தாலும் நம்பாதீங்க. லக் ஓரத்துல விரிசல் இருந்தா அதுமேல நேரா ஆர்க் வெல்டிங் போடச் சொல்லாதீங்க, பித்தளை கலந்தா வெல்டு சேராது, கொஞ்ச நாள்ல அதே இடம் மறுபடி வெடிக்கும். பித்தளையை உருக்கிக் கழட்டி, குழாயை மாத்தி, மறுபடி பித்தளையே ஊத்தணும், இந்த வேலை தெரிஞ்ச கை கம்மியாயிட்டே வருது, தேடிப் பிடிங்க. வண்டியோட சேக்குற நாலு பிட்டிங்கும் கண்டிப்பா பாக்கணும், கீழ ரெண்டு, மேல ரெண்டு. போல்ட்டெல்லாம் புதுசு, நல்ல கிரேடு, இதுல மட்டும் ஒரிஜினல் வேணும்னு ஆசைப்படாதீங்க.

மரத்துக்கு வருவோம். ஆஷ் மரம்ங்கிறது கோடாரிக்குப் பிடி போடுற மரம், அதிர்ச்சி தாங்கும், ஆவி காட்டினா வளையும். உளுத்தது எல்லாத்தையும் தூக்கிப் போடாம, நல்லா இருக்கிற துண்டை வச்சுக்கிட்டு, கெட்ட பாகத்தை மட்டும் சரிவா வெட்டிப் புது ஆஷ் ஒட்டுங்க. கிடைக்கலன்னா நேர்நாரும் வளையுற தன்மையும் உள்ள வேற மரம் போடலாம், ஆனா போட்ட மரத்து மேல தேதி எழுதி வைங்க, நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்கும்போது எது பழசு எது புதுசுன்னு தெரியணும்.

அலுமினியத் தகட்டுல இரும்பு ஆணி அடிச்சிருந்தா அந்த ஆணியைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருக்கும், ரெண்டு உலோகமும் ஈரத்துல சேந்தா அலுமினியம்தான் கரையும். திரும்ப அடிக்கும்போது அலுமினிய ஆணி போடுங்க, இல்லன்னா நடுவுல வார்னிஷ் தடவின துணியாவது வைங்க. நசுங்கின இடத்தை டிங்கரிங் பண்றதுக்கு முன்னாடி தகட்டை இளக்கணும். அலுமினியம் சூடானா இரும்பு மாதிரி சிவக்காது, திடீர்னு ஓட்டை விழுந்துரும். அதனால மேல குளியல் சோப்பைத் தேய்ச்சு, கேஸ் டார்ச்சை ஒரே இடத்துல நிறுத்தாம பரவலா காட்டிட்டே வாங்க, சோப்பு பழுப்பாகிக் கறுத்ததும் நிறுத்திடுங்க, அதுதான் அளவு. ஆறினப்புறம் தகடு துணி மாதிரி பேச்சு கேக்கும். மரச்சுத்தியல், மண்ணு நெறச்ச தோல்பை, அவசரமில்லாத மனசு இருந்தா போதும். பட்டி பூசி மறைக்கிறது இதுல எனக்கு அறவே பிடிக்காது.

பெயிண்ட் கடைசி. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, காய்ஞ்ச தேய்ப்பு வேண்டாம், தண்ணி போட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க. ஆனா தேய்க்கணுமாங்கிறதே முதல் கேள்வி. முக்கால்வாசி பெயிண்ட் நிக்குதுன்னா அதை அப்படியே கழுவி, மெழுகு போட்டு வைங்க. பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபிவா, டூரின் சாசனம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அதுலயும் சாரம் இதுதான், புதுசாக்குறதை விடக் காப்பாத்துறது மேல. புதுப் பெயிண்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். அன்னைக்குப் பிரஷ்ல கோடு இழுத்தவர் கை திரும்ப வராது.

கேள்வி: மழைத் திரையில இருக்கிற பழைய கண்ணாடி மாதிரி ஷீட் மஞ்சளாகி நொறுங்குது. பாலிஷ் போட்டா சரியாகுமா?

ஆகாது. அந்தக்கால ஷீட் பெரும்பாலும் செல்லுலாய்டு, லேசுல தீப்பிடிக்கிற சாமான். சூடு காட்டாதீங்க, பஃபிங் மெஷின் கிட்டவே கொண்டு போகாதீங்க. அதை அளவுக்கு வச்சு பாலிகார்பனேட்ல வெட்டிப் போட்டுக்கோங்க.

கேள்வி: எல்லாம் சரிபண்ணி மாட்டிட்டேன், ஆனா ஓட்டினா வண்டி சைடுகார் பக்கமே இழுக்குது. கை வலி தாங்கல.

இது நிறையப் பேர் கேட்ட கேள்வி. ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது கொஞ்சம் சைடுகார் பக்கமும், பிரேக் பிடிச்சா கொஞ்சம் எதிர்ப்பக்கமும் இழுக்கிறது இயற்கை, ஏன்னா இழுக்கிற சக்கரம் ஒரு ஓரத்துல இருக்கு. ஆனா ஒரே வேகத்துல சமமான ரோட்டுல போகும்போதும் இழுத்தா அமைப்பு தப்பு.

மூணு அளவு பாக்கணும். தரை மட்டமா இருக்கணும், ரசமட்டம் வச்சுப் பாத்துட்டு ஆரம்பிங்க, டயர்ல காத்து சரியா இருக்கணும், ஓட்டுறவரோட எடை வண்டி மேல இருக்கணும். நேரான ரெண்டு பலகை எடுத்து ஒண்ணை வண்டியோட ரெண்டு சக்கரத்தையும் ஒட்டியும் இன்னொண்ணை சைடுகார் சக்கரத்தை ஒட்டியும் வைங்க. ரெண்டு பலகைக்கும் நடுவுல இருக்கிற தூரம் பின்னாடி இருக்கிறதை விட முன்னாடி 12-லேர்ந்து 20 மில்லிமீட்டர் கம்மியா இருக்கணும், இதுதான் டோ-இன். அடுத்தது வண்டியோட சாய்வு, நேரா நிக்கக்கூடாது, சைடுகாரை விட்டு வெளிப்பக்கமா ஒண்ணு ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கணும், தூக்குக்குண்டு கட்டிப் பாத்தா தெரிஞ்சிரும். மூணாவது, சைடுகார் சக்கரத்து ஆக்சில் பின் சக்கரத்து ஆக்சிலை விட 15-லேர்ந்து 25 சென்டிமீட்டர் முன்னாடி இருக்கணும். உங்களோடது பெரும்பாலும் சாய்வுதான், வெளிப்பக்கம் கொஞ்சம் கூட்டிப் பாருங்க, ஒரு நேரத்துல ஒரு அளவை மட்டும் மாத்துங்க, மாத்தினதை எழுதி வைங்க.

டோ-இன் எக்கச்சக்கமா இருந்தா டயர் ரம்பம் மாதிரி தேயும். ஹேண்டில் கனமா இருந்தா அது வேற விஷயம், ஃபோர்க்கோட டிரெய்ல், அதாவது ஹேண்டில் திரும்புற அச்சை நீட்டினா தரையைத் தொடுற இடத்துலேர்ந்து முன் சக்கரம் தரையைத் தொடுற இடம் எவ்வளவு பின்னாடி இருக்குங்கிற தூரம். 1955-ல வந்த பிஎம்டபிள்யூவோட எர்ல்ஸ் ஃபோர்க்ல, அதாவது முன் சக்கரத்தை ஸ்விங் ஆர்ம்ங்கிற அசையுற கை பிடிச்சிருக்கிற வகையில, சைடுகார் மாட்டினா ஸ்விங் ஆர்மை மாத்தி வைக்கத் தனி ஓட்டையே கொடுத்திருந்தாங்க, டிரெய்ல் குறைஞ்சு கை லேசாகும்.

இன்னொண்ணு, காலி சைடுகாரோட அது இருக்கிற பக்கமா வேகமா திரும்பினா சக்கரம் தூக்கிரும். பழகுற வரைக்கும் மணல் மூட்டை ஒண்ணைப் போட்டுக் கட்டி ஓட்டுங்க. சைடுகார் இல்லாத சோலோ வண்டி ஓட்டின பழக்கம் இதுல உதவாது, சாஞ்சு திரும்ப முடியாது, ஹேண்டிலைத் திருப்பிதான் ஆகணும்.

கேள்வி: நான் காலேஜ் மாணவி. சைடுகார் ரேஸ்ல பக்கத்துல இருக்கிறவங்களுக்கு என்ன வேலை? பொண்ணுங்க யாராவது இருந்திருக்காங்களா?

பாதி ரேஸ் அவங்க கையிலதாம்மா. ஐல் ஆஃப் மேன்ங்கிற பிரிட்டன் பக்கத்துத் தீவுல டிடின்னு பேர்போன மோட்டார் சைக்கிள் ரேஸ் உண்டு, அங்க 1923-ல முதல் சைடுகார் டிடி, ஜெயிச்சது ஃப்ரெடி டிக்சன், டக்ளஸ் வண்டியில. அவர் சைடுகார்ல ஒரு லீவர், வளைவு வந்தா பக்கத்துல இருந்த வால்டர் டென்னி அதை இழுப்பார், வண்டி மொத்தமும் சாயும். பின்னாடி லீவர் போய் உடம்பே லீவரா ஆச்சு, தரைக்கு ஒரு சாண் மேல தொங்கிட்டு எடையை மாத்துவாங்க. 1949-ல முதல் உலக சாம்பியன்ஷிப்பை எரிக் ஆலிவர் ஜெயிச்சப்போ கூட இருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், அதே ஜென்கின்சன்தான் 1955 மில்லே மிலியா கார் ரேஸ்ல ஸ்டெர்லிங் மாஸுக்கு வழி சொல்லி ஜெயிக்க வச்சவர். பொண்ணுங்கன்னு கேட்டீங்களே, 1954-ல ஜெர்மனியைச் சேந்த இங்கெ ஸ்டோல்ங்கிற பொண்ணு டிடியில சைடுகார் பயணியா இறங்கினாங்க, டிடியில போட்டி போட்ட முதல் பொண்ணு அவங்கதான்.

கேள்வி: இவ்வளவு நல்லா இருந்த ஒண்ணு ஏன் அழிஞ்சுது?

கார் மலிவானதால. அமெரிக்காவுல ஃபோர்டு மாடல் டி விலை இறங்கின உடனே 1920கள்லயே சைடுகார் சுருங்கிருச்சு. ஐரோப்பாவுல இன்னும் முப்பது வருஷம் தாங்குச்சு, நியூரம்பெர்க்ல ஸ்டீப் கம்பெனி செஞ்ச எஸ் 500 எல்லாம் பாத்தா படகு மாதிரி அவ்வளவு அழகு, ஆனா 1950கள் முடியும்போது அவங்களும் நிறுத்திட்டாங்க. 1959-ல மினி கார் வந்தது, நாலு பேரு நனையாம போகலாம். அப்புறம் பழைய மோட்டார் சைக்கிளைச் சேக்குற ஆசை வந்தப்போ எல்லாருக்கும் வேண்டியது சோலோ வண்டி, சைடுகாரைக் கழட்டிக் கொல்லையில போட்டாங்க, மழையில மரம் உளுத்து மண்ணாச்சு. வண்டி மிஞ்சின அளவுக்கு அதோட சைடுகார் மிஞ்சல. அதனாலதான் கொட்டகையில ஒண்ணு கிடைச்சாலும் எனக்கு எழுதுங்கன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறேன்.

கேள்வி: தாத்தா ஓட்டின சைடுகாரை ரெண்டு வருஷமா சரிபண்ணி முடிச்சிட்டேன். பாட்டிக்கு 81 வயசு. கல்யாணமான புதுசுல அதுல போனவங்க. ஒரு தடவை உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாமா? பயமா இருக்கு.

தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நூறு கிலோமீட்டராவது பாட்டி எடைக்கு மணல் மூட்டை வச்சு ஓட்டுங்க, திரும்பி வந்து நாலு பிட்டிங் போல்ட்டையும் ஸ்பேனர் வச்சுப் பாருங்க, ஒண்ணு இளகியிருந்தாலும் ஏன்னு தெரியாம ஏத்தாதீங்க. பெல்ட் போடணும்னா சேஸிஸ்ல மாட்டுங்க, மரத் தரையில மாட்டின பெல்ட்டுக்கு அர்த்தமே இல்ல. ஹெல்மெட் கண்டிப்பா. ஏறும்போது வண்டி கியர்ல இருக்கட்டும், எஞ்சின் ஆஃப்ல இருக்கட்டும், சைலென்சர் ஆறியிருக்கட்டும், ஏற ஒரு சின்ன முக்காலி வைங்க, பாட்டி விண்ட்ஸ்கிரீனைப் பிடிச்சு ஏறப் பாப்பாங்க, எல்லாரும் அதைத்தான் பிடிப்பாங்க, அது தாங்காது, உங்க தோளைக் கொடுங்க. ஒல்லியானவங்கன்னா சீட்டுக்கு அடியில இன்னொரு இருபது கிலோ கட்டி வைங்க. காலையில, காலியான நேர் ரோட்டுல, முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வேண்டாம். போயிட்டு வந்து, அந்தக்காலத்துல சீட்டு இதே உயரத்துலதான் இருந்துச்சான்னு பாட்டிகிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க.